டெக்ஸ்ட் பாக்ஸ் ஏன் நாம் சொன்ன அகலத்தில் நிற்பதில்லை?

பைத்தானில் முதன்முதலாக ஒரு விண்டோ செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பெயர், முகவரி, பின்கோடு என்று மூன்று டெக்ஸ்ட் பாக்ஸ், கீழே 'சேமி' என்று ஒரு பட்டன். ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் வருகிறது. விண்டோவை மேக்ஸிமைஸ் செய்ததும் எல்லாம் இடது மேல் மூலையில் ஒண்டிக்கொள்ள, மீதித் திரை காலியாகக் கிடக்கிறது. அகலத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று 20ஐ 60 ஆக்கினால் விண்டோ திறக்கும்போதே பருமனாகத் திறக்கிறது. அதைச் சுருக்கினால் பெட்டியின் வலது ஓரம் வெட்டுப்பட்டுப் போகிறது.

யாரிடமாவது கேட்டால் "ஃபில் போடு", "ஸ்டிக்கி போடு", "எக்ஸ்பாண்ட் போட்டியா?" என்று பதில் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஏதோ ஒன்றில் சரியானதும் அப்படியே விட்டுவிடுகிறோம். அடுத்த விண்டோவில் அதே ஃபில் வேலை செய்யாது. அப்போது, விண்டோவையும் பட்டனையும் வரைந்து தரும் மென்பொருள் தொகுப்பான டூல்கிட்டின் மேல் பழி போட்டு, "இந்த டூல்கிட்டே சரியில்லை" என்ற முடிவுக்கு வருகிறோம்.

டூல்கிட் பாவம். நாம் எழுதும் அகலத்தை அது ஒரு கோரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பைத்தானோடு வரும் டூல்கிட்டான டிக்கின்டரின் அடியில் இருக்கும் டிகேயின் கையேடும் அந்த எண்ணை 'விரும்பும் அகலம்' என்ற பொருளில்தான் சொல்கிறது. கடைசியில் பெட்டிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது அதைச் சுற்றியிருக்கும் இடம். இது ஒன்று பிடிபட்டால் ஃபில், ஸ்டிக்கி, வெயிட் எல்லாம் தானாகப் புரியும்.

மூன்று பேர் சீட்

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் ஒரு பள்ளிக்கூடப் பையன். நடுவில் மடியில் கூடையோடு ஒரு பாட்டி. ஓரத்தில் ஒரு பெரியவர். பையனுக்கும் பாட்டிக்கும் தேவையான இடம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. சீட்டு அதைவிட நீளமாக இருந்தாலும் அவர்கள் பரவி உட்கார மாட்டார்கள். பெரியவர் அப்படி இல்லை. அவருக்கும் ஒரு சௌகரியமான அளவு இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் காலை அகட்டி அதையும் எடுத்துக்கொள்வார். கூட்டம் ஏறி நெருக்கினால் ஓரளவுக்கு ஒடுங்குவார். அதற்கு மேல் ஒடுங்க உடம்பு இடம் தராது.

லேபிளும் பட்டனும் அந்தப் பையன், பாட்டி ரகம். 'பெயர்' என்ற லேபிளுக்கு அந்த எழுத்துகள் தெரியும் அளவு இடம் போதும். மேலே கொடுத்தாலும் பயனில்லை. டெக்ஸ்ட் பாக்ஸ் பெரியவர் ரகம். எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும், கொடுத்தால் பயனும் உண்டு. ஆனால் 'நீங்கள் அகட்டிக்கொள்ளலாம்' என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் பல டூல்கிட்டுகளில் அது அகலும்.

இனி இதையே அதன் சொந்தப் பெயர்களில் பார்ப்போம். விண்டோவுக்குள் இருக்கும் லேபிள், பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் விட்ஜெட். விட்ஜெட்டுகளை உள்ளே வைத்துக்கொள்ளும் வெற்றுப் பெட்டிக்கு ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு விட்ஜெட்டும் சௌகரியமாக இருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறதோ அது அதன் விருப்ப அளவு. இதற்குக் கீழே போனால் சரிப்படாது என்பது குறைந்தபட்ச அளவு. எல்லாருடைய விருப்ப அளவும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்ணை டிக்கின்டரில் வெயிட் என்கிறார்கள். கியூட்டி என்ற இன்னொரு டூல்கிட்டில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வது ஸ்ட்ரெட்ச். இதையெல்லாம் கூட்டிக் கழித்து இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிதான் லேஅவுட் மேனேஜர்.

கேட்பது கீழிருந்து, கொடுப்பது மேலிருந்து

விண்டோ திறக்கும்போது உள்ளே இரண்டு சுற்று நடக்கிறது. முதல் சுற்று கீழிருந்து மேலே. டெக்ஸ்ட் பாக்ஸ் தன் விருப்ப அளவை ஃபிரேமிடம் சொல்லும். ஃபிரேம் தன் பிள்ளைகள் எல்லாருடைய கோரிக்கையையும் கூட்டி, தனக்கு மேலே உள்ள ஃபிரேமிடம் சொல்லும். இப்படியே ஏறி விண்டோ வரை போகும். நாம் அளவு எதுவும் சொல்லாவிட்டால் விண்டோ அந்த மொத்தத் தொகைக்குச் சரியாகத் திறக்கும். அகலத்தை 60 ஆக்கியதும் விண்டோ பருத்தது இதனால்தான்.

இரண்டாம் சுற்று மேலிருந்து கீழே. விண்டோவின் உண்மையான அகலம் இப்போது தெரியும். பயனர் இழுத்துப் பெரிதாக்கியும் இருக்கலாம். அந்த அகலத்தை லேஅவுட் மேனேஜர் உள்ளே இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் தனக்குக் கிடைத்ததைத் தன் பிள்ளைகளுக்குப் பிரிக்கும். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு ஃபிரேம் "எனக்கு மிச்ச இடம் வேண்டாம்" என்று நின்றுவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் டெக்ஸ்ட் பாக்ஸில் நாம் என்ன எழுதியிருந்தாலும் அது அகலாது. கொடுப்பதற்கு அங்கே ஒன்றுமே வந்து சேரவில்லை.

இதுவரை பார்த்தது: நாம் எழுதும் எண் முதல் சுற்றில் மேலே போகும் கோரிக்கை, பெட்டிக்குக் கிடைக்கும் அகலம் இரண்டாம் சுற்றில் கீழே வரும் ஒதுக்கீடு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஒரு படிவத்தைக் கட்டிப் பார்ப்போம்

டிக்கின்டரில் கிரிட் என்ற லேஅவுட் மேனேஜர் இருக்கிறது. கட்டம் கட்டமாக அடுக்கும். இடது வரிசையில் லேபிள்கள், வலது வரிசையில் டெக்ஸ்ட் பாக்ஸ்கள். எதுவும் சொல்லாமல் ஓட்டினால் இரண்டு வரிசைகளின் வெயிட்டும் பூஜ்யம். மிச்ச இடத்தில் யாருக்கும் பங்கு கிடையாது என்று பொருள். விண்டோவைப் பெரிதாக்கினால் எல்லாம் மூலையில் ஒண்டுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது பெட்டிக்கு மட்டும் ஸ்டிக்கி கொடுத்து, கிழக்கு மேற்கு இரண்டு பக்கமும் ஒட்டச் சொல்வோம். ஒன்றும் மாறாது. ஸ்டிக்கி சொல்வது 'உன் கட்டத்தின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொள்' என்பதைத்தான். கட்டமே வளரவில்லையே, பெட்டி எங்கே போய்த் தொடும்?

சரி, ஸ்டிக்கியை எடுத்துவிட்டு வலது வரிசைக்கு வெயிட் 1 கொடுப்போம். இப்போது கட்டம் வளர்கிறது, ஆனால் பெட்டி பழைய அளவிலேயே கட்டத்தின் நடுவில் மிதக்கிறது. லேபிள் ஒரு பக்கம், பெட்டி எங்கேயோ இன்னொரு பக்கம் என்று பார்க்கவே விநோதமாக இருக்கும். இந்தக் காட்சியைக் கண்டால் நோய் இன்னதென்று உடனே சொல்லிவிடலாம்: வெயிட் இருக்கிறது, ஸ்டிக்கி இல்லை.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பெட்டி விண்டோவோடு சேர்ந்து அகலும். வெயிட் கட்டத்தை வளர்க்கிறது, ஸ்டிக்கி கட்டத்தைப் பெட்டியால் நிரப்புகிறது. பேக் என்ற இன்னொரு லேஅவுட் மேனேஜரில் இதே இரண்டு வேலைக்கும் எக்ஸ்பாண்ட், ஃபில் என்று பெயர். எக்ஸ்பாண்ட் மிச்ச இடத்தில் பங்கு வாங்கித் தரும். ஃபில் வாங்கிய இடத்தை நிரப்பும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி அசையவில்லை என்றால் மேலே பாருங்கள். அந்தக் கிரிட் முழுவதும் ஒரு ஃபிரேமுக்குள் இருக்கும். அந்த ஃபிரேமை விண்டோவில் பேக் செய்யும்போது ஃபில் கொடுத்திருக்க மாட்டோம். கிரிட் குற்றமற்றது, ஃபிரேமுக்கே மிச்ச இடம் வரவில்லை. ஃபிரேமுக்கு அகலவாக்கில் ஃபில் கொடுத்ததும் உள்ளே எல்லாம் சரியாகிவிடும். "போன விண்டோவில் வேலை செய்தது, இதில் செய்யவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஃபிரேம்தான் இருக்கும்.

வெயிட் எதைப் பிரிக்கிறது

வெயிட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே வரியில் இரண்டு பெட்டிகள். வெயிட் 1, 3 என்று கொடுத்தால் அகலமும் 1க்கு 3 என்று வரும் என எதிர்பார்ப்போம். டிக்கின்டரில் அப்படி வராது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்டோ 700 பிக்சல். இரண்டு பெட்டிகளும் ஆளுக்கு 150 கேட்கின்றன. கேட்டதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் 400. அந்த 400தான் 1க்கு 3 என்று பிரியும்: 100, 300. ஆக முதல் பெட்டிக்கு 250, இரண்டாவதற்கு 450.

மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் டூல்கிட்டில் இருக்கும் கிரிட்டில் நட்சத்திரக் குறி போட்டு 1, 3 என்று கொடுத்தால் 700ஐயே பிரித்து 175, 525 என்று தரும். இரண்டும் கிரிட் என்ற பெயரில்தான் உலவுகின்றன. ஒன்றில் கற்றதை மற்றதில் பொருத்திக் குழம்புவது சகஜம். டிக்கின்டரிலும் முழு அகலமே விகிதப்படி பிரிய வேண்டும் என்றால் இரண்டு வரிசைகளையும் யூனிஃபார்ம் என்ற அமைப்பால் ஒரே குழுவில் சேர்த்துவிட வேண்டும்.

அந்த எண் எதை எண்ணுகிறது

20 என்று எழுதினோமே, அது 20 என்ன? பிக்சலா, எழுத்தா?

டிக்கின்டரில் அது எழுத்துக் கணக்கு. அந்த எழுத்துருவில் '0' என்ற இலக்கம் எவ்வளவு அகலமோ அதைப்போல 20 மடங்கு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் இதுதான் இயல்பு அளவு. ஜாவாவின் ஸ்விங் டூல்கிட்டில் 'காலம்ஸ்' (columns) என்று ஓர் எண் கொடுப்போம். அங்கே அளவுகோல் சிறிய 'எம்' எழுத்து. கியூட்டியில் ஒற்றை வரிப் பெட்டி தானாகவே ஏறக்குறைய 17 சிறிய 'எக்ஸ்' அகலத்தை விருப்ப அளவாகச் சொல்லும். நிலையான அகலம் வேண்டுமென்றால் பிக்சலில் கொடுக்க வேண்டும்.

எழுத்துக் கணக்கில் கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. பயனர் எழுத்துருவைப் பெரிதாக்கினால் பெட்டியும் சேர்ந்து பெரிதாகும். 200 பிக்சல் என்று அடித்துச் சொன்னால் எழுத்து மட்டும் வளரும், பெட்டி அப்படியே நிற்கும், கடைசி இரண்டு எழுத்து உள்ளே ஒளிந்துகொள்ளும். திரையின் ஸ்கேலிங்கைச் சில டூல்கிட்டுகள் பார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். எழுத்துருவை மட்டும் மாற்றுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் 20 என்றால் எந்த 20 எழுத்தும் அடங்கும் என்று நம்பிவிடக் கூடாது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து. பெட்டிக்குச் சரியாக 11 கொடுத்தால், '0'வைவிட அகலமான பெரிய எழுத்துகள் வரும்போது ஓரத்தில் இடிக்கும். தமிழில் உள்ளிடும் பெட்டி என்றால் இந்தக் கணக்கு இன்னும் தள்ளாடும். 'ஞானசௌந்தரி' என்பதில் நமக்குத் தெரியும் எழுத்து ஆறு. அந்த ஆறும் ஆறு பூஜ்யத்தின் இடத்தில் ஒருநாளும் அடங்காது. 'ஞா', 'சௌ' இரண்டுமே பருத்த எழுத்துகள். தமிழ்ப் பெயருக்கான பெட்டியில் எழுத்து எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கு வைத்து, நீளமான பெயர் ஒன்றை அடித்துப் பார்த்துவிடுவதே நல்லது.

காட்டும் அகலம் வேறு, ஏற்கும் நீளம் வேறு

அகலம் 6 என்று கொடுத்தால் ஆறு எழுத்துக்கு மேல் அடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் ஏராளம். அடிக்கலாம். பெட்டிக்குள் எழுத்து இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். அகலம் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு தெரியும் என்பதற்கு மட்டும். எத்தனை எழுத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது தனி விஷயம். கியூட்டியில் இந்த வரம்பு இயல்பாகவே 32,767; குறைக்க வேண்டுமானால் நாம் சொல்ல வேண்டும். டிக்கின்டரின் பெட்டியில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. உள்ளிடும்போது சரிபார்க்கும் ஃபங்ஷன் ஒன்றை நாமே எழுதி இணைக்க வேண்டும்.

அந்த வரம்பை வைக்கும்போதும் தமிழுக்குக் கவனம் தேவை. ஞானசௌந்தரியின் ஆறு எழுத்தைப் பைத்தான் எண்ணினால் 10 என்று வரும். யூனிகோடில் 'ஞ' தனி, கால் தனி, 'ந' தனி, புள்ளி தனி. "பெயர் 8 எழுத்துக்குள்" என்று வரம்பு வைத்தால் கணினி அவரைப் பாதிப் பெயரிலேயே நிறுத்திவிடும்.

மற்ற டூல்கிட்டுகளின் சில குணங்கள்

கியூட்டியின் ஒற்றை வரிப் பெட்டி பிறவியிலேயே தாராளம்: பக்கவாட்டில் விரியும், உயரத்தில் அசையாது. அதனால் அதில் தொடங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஆனால் படிவங்களுக்கென்றே இருக்கும் அதன் ஃபார்ம் லேஅவுட், மேக்கில் ஓடும்போது அந்த ஊர் வழக்கப்படி பெட்டிகளை விருப்ப அளவிலேயே நிறுத்திவிடும். விண்டோஸில் விரிந்த படிவம் மேக்கில் விரியவில்லை என்றால் பிழை தேட வேண்டாம். எப்படி வளர வேண்டும் என்ற விதியை நாமே எழுதிவிட்டால் போதும்.

ஸ்விங்கில் பாக்ஸ் லேஅவுட்டை மேலிருந்து கீழாக அடுக்கினால், ஒற்றை வரிப் பெட்டி உயரவாக்கில் ஊதிப்போய்த் தெரியும். அந்தப் பெட்டிக்கு அதிகபட்ச உயரம் என்று உருப்படியாக ஒன்று இல்லாததுதான் காரணம். அதிகபட்ச உயரத்தை அதன் விருப்ப உயரத்துக்குச் சமமாக வைத்தால் அடங்கும். அதே ஸ்விங்கில் கிரிட்பேக் லேஅவுட்டின் கூத்து வேறு: இடம் ஒரு பிக்சல் குறைந்தாலும் விருப்ப அளவைக் கைவிட்டு நேராகக் குறைந்தபட்ச அளவுக்குத் தாவிவிடும். பெட்டி திடீரென்று ஒரு கீற்றாகச் சுருங்கும். அங்கேயும் பெட்டிக்கு வெயிட் கொடுத்து, நிரப்பச் சொல்வதுதான் மருந்து.

டபிள்யூபிஎஃப்பில் பக்கவாட்டில் அடுக்கும் ஸ்டாக்பேனலுக்குள் டெக்ஸ்ட் பாக்ஸை வைத்தால், அடிக்க அடிக்க அது நீண்டுகொண்டே போகும். அந்தப் பேனல் தன் பிள்ளைகளிடம் "அகலத்துக்கு எல்லையே இல்லை, வேண்டியதைக் கேள்" என்கிறது; பெட்டியும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்டியை கிரிட்டின் நட்சத்திர வரிசைக்கு மாற்றினால் நின்றுவிடும்.

நெருக்கடி வரும்போது

விண்டோவைச் சுருக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. டிக்கின்டரின் கிரிட்டில் வெயிட் உள்ள வரிசைதான் சுருங்கிக் கொடுக்கும். வெயிட் பூஜ்யமான வரிசை தன் அளவைவிட்டு இறங்காது. தொடக்கத்தில் சொன்ன 60 எழுத்துப் பெட்டியின் ஓரம் வெட்டுப்பட்டது இதனால்தான். பேக்கில் வரிசைமுறைதான் எல்லாம். முதலில் பேக் செய்தவருக்கு முதலில் இடம். கடைசியில் வந்தவருக்கு மிஞ்சியது. ஒரே வரியில் டெக்ஸ்ட் பாக்ஸை முதலிலும் 'தேடு' பட்டனை அதன் பிறகும் பேக் செய்தால், விண்டோ ஒடுங்கும்போது காணாமல் போவது பட்டன். பட்டனை வலது பக்கமாக முதலில் பேக் செய்துவிட்டு, பெட்டியை அப்புறம் பேக் செய்தால் பட்டன் நிற்கும், பெட்டி சுருங்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

எல்லாம் அகல வேண்டுமா?

வேண்டாம். இதுவரை படித்த உற்சாகத்தில் எல்லாப் பெட்டிக்கும் வெயிட் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. பின்கோடு ஆறு இலக்கம். அதற்கு ஒன்றரை முழப் பெட்டி கொடுத்தால், இங்கே என்ன எழுத வேண்டும் என்று பயனர் ஒரு கணம் யோசிப்பார். பெட்டியின் அகலமே உள்ளே எவ்வளவு வரும் என்பதற்கான குறிப்பு. பின்கோடு, கைப்பேசி எண், தேதி எல்லாம் அளவு தெரிந்தவை. எழுத்துக் கணக்கில் அகலம் கொடுத்து, இரண்டு மூன்று எழுத்து கூடுதலாக விட்டு, விரியாமல் நிறுத்திவிடுங்கள். பெயர், மின்னஞ்சல் விரியலாம். ஆனால் அகலமான திரையில் ஒற்றை வரிப் பெட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுவது அசிங்கம் என்பது என் கருத்து. கியூட்டி, டபிள்யூபிஎஃப் இரண்டிலும் அதிகபட்ச அகலம் வைக்க வசதி இருக்கிறது. டிக்கின்டரில் அது இல்லாததால், பெட்டிக்கு அடுத்து ஒரு வெற்று வரிசையை வைத்து மிச்ச இடத்தில் ஒரு பங்கை அதற்குத் தள்ளிவிடலாம். முகவரி பல வரிப் பெட்டி. அது இரண்டு திசையிலும் விரியட்டும்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை வரிப் பெட்டியின் உயரம் எழுத்துருவிலிருந்து வருகிறது. டிக்கின்டரில் அதற்கென்று ஓர் அமைப்பே கிடையாது. உயரம் வேண்டுமானால் எழுத்துருவைப் பெரிதாக்கலாம், அல்லது உள்விளிம்பைக் கூட்டலாம். பல வரிப் பெட்டிக்கு வரிக் கணக்கில் கொடுக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் என்று பழைய டெர்மினல் திரையின் அளவில் வந்து நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மிரள்வது இதனால்தான்.

தேடிப் பிடிக்க ஒரு வழி

ஃபிரேம்களுக்கு நிறம் கிடையாது என்பதால்தான் சிக்கல் எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு பளிச் நிறத்தைப் பின்னணியாகக் கொடுத்து ஓட்டி, விண்டோவை இழுத்துப் பாருங்கள். மஞ்சள் ஃபிரேம் விண்டோவோடு வளர்ந்து பெட்டி மட்டும் வளரவில்லை என்றால் கோளாறு உள்ளே, வெயிட்டிலோ ஸ்டிக்கியிலோ. மஞ்சளே வளரவில்லை என்றால் பெட்டியை விட்டுவிட்டு, மஞ்சள் ஃபிரேமை வைத்த வரிக்குப் போங்கள். டிக்கின்டரில் பழைய வகை ஃபிரேம்தான் பின்னணி நிறத்தை நேரடியாக ஏற்கும். டிடிகே என்ற புதிய வகை ஃபிரேமுக்கு நிறம் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும், அதற்கு ஸ்டைல் வழியாகத்தான் போக வேண்டும். தேடும் நேரத்துக்கு மட்டும் பழைய ஃபிரேமை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம்.